தொண்ணூறு நாளில் வரும் லிஃப்ட்

12 ஜூன் 2023, திங்கள்

லிஃப்ட் ஒப்பந்தம் இன்று கையெழுத்தாகிவிட்டது. மதுரைக் கம்பெனியிலிருந்து மேனேஜர் தீபன் காரில் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு சுத்தம். ஒப்பந்தம் ஏழு பக்கம். மனை என் மனைவி ஜெயக்கொடிக்கு அவள் அப்பா கொடுத்தது. வீட்டுப் பத்திரமும் அவள் பெயரில் இருப்பதால் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பரீட்சை அட்டையை அவள் மடியில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் நான் விரலால் இடம் காட்டக் காட்டப் போட்டாள். நடுவில் நிறுத்தி, படித்துப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டாள். பார்த்துவிட்டேன் என்றேன். முக்கியமான இடங்களைப் பார்த்திருந்தேன்.

தொண்ணூறு நாளில் முடித்துத் தருவார்கள். செப்டம்பர் 10. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

தீபன் போன பிறகு அவளிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் நான் கொடுத்த வாக்கு இது, இனி யாரும் தூக்காமல் நீயே கீழே போய் வரலாம் என்று. "ம்" என்றாள். ஏப்ரலில் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, மின்வாரியத்தில் என்னோடு வேலை பார்த்த நான்கு பேர் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் பதினெட்டுப் படி ஏற்றினார்கள். திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுவரைப் பற்றியதில் அவளுக்கு ஒரு நகம் பெயர்ந்தது. அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. தபால் நிலையச் சிறுசேமிப்பு முகவராக இருபத்திரண்டு வருடம் விருதுநகரில் பதினொரு தெரு நடந்தவள்.

ஜனவரியில் அருப்புக்கோட்டை ரோட்டில் எங்கள் ஸ்கூட்டருக்கு நாய் குறுக்கே வந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

மோட்டாருக்கு வாஷர் மாற்ற வேண்டும். கோதுமை மாவு தீர்ந்துவிட்டது.

28 ஜூன், புதன்

கீழே குழி தோண்டி முடித்து, இன்று முன் பால்கனியின் தளத்தை வெட்டினார்கள். பக்கவாட்டில் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் செப்டிக் டேங்க். வேறு இடமே கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து டிரில்லர் சத்தம். ஜெயக்கொடியை உள் அறையில் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி சொருகியும் தூசி புகுந்துவிட்டது. நாள் முழுக்க இருமினாள்.

பால்கனியில்தான் சாயங்காலம் சக்கர நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பேன். தெருவில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். அவளிடம் மாதாமாதம் ஆர்டி கட்டியவர்களில் பாதிப் பேர் இந்தத் தெருவழிதான் பஜாருக்குப் போக வேண்டும். இப்போது அந்த இடம் நாலரை அடிக்கு நாலரை அடி ஓட்டை. இரண்டரை மாதம்தானே என்றேன். "ஆமா" என்றாள்.

5 ஜூலை, புதன்

வேலையாட்கள் மூன்று நாளாக வரவில்லை. தீபனுக்குப் போன் செய்தேன். இரும்புச் சட்டங்கள் வந்ததும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஓட்டையின் மேல் தகரத்தைப் போட்டு நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன்.

14 ஜூலை, வெள்ளி

பல்கீஸ் இன்று மீட்டர் பெட்டி பக்கத்தில் என்னை நிறுத்தினாள். கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண், கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் திருப்பூரில், அவளும் அம்மாவும் இங்கே. லிஃப்ட் வருகிறவரை தாங்கள் மாடிக்குப் போய்க்கொள்வதாகவும் அக்கா கீழே வந்துவிடட்டும் என்றும் சொன்னாள். சாமான் மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதானாம்.

நல்ல பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரைத்தளம் என்று எழுதித்தான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். மே மாதம்வரை ஒப்பந்தம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை மாற்றிப் படியேறச் சொல்வது முறையில்லை. தவிர, ஒருமுறை கீழே குடியேறிவிட்டால் அப்புறம் லிஃப்ட் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள்.

ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

2 ஆகஸ்ட், புதன்

மும்முனை மின் இணைப்பு வந்துவிட்டது. பழைய அலுவலகத்தில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். முப்பத்திநான்கு வருடம் அங்கே போர்மேனாக இருந்ததற்கு இந்த மரியாதையாவது மிஞ்சியிருக்கிறது. தீபனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

இரும்புச் சட்டங்கள் வரவில்லை. பிசியோதெரபி செய்ய வரும் பெண், அக்காவை வெயில்படும் இடத்தில் உட்கார வையுங்கள் என்கிறாள். வெயில்படும் இடம் அந்தப் பால்கனி ஒன்றுதான் இருந்தது.

10 செப்டம்பர், ஞாயிறு

தொண்ணூறாவது நாள். காலையில் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும்.

ஜெயக்கொடி காலண்டரைப் பார்த்தாள். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், உப்புக் கூடிவிட்டது.

19 செப்டம்பர், செவ்வாய்

மதுரைக்கு நேரில் போனேன். காலை பஸ், திரும்ப சாயங்கால பஸ். அவளுக்குச் சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பல்கீஸின் அம்மாவை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அலுவலகம் இரண்டாவது மாடி. கீழே அவர்கள் லிஃப்டின் மாதிரி ஒன்றைக் கண்ணாடியும் வெளிச்சமுமாக நிறுத்தியிருக்கிறார்கள். அது ஓடாது, பார்வைக்கு மட்டும் என்று செக்யூரிட்டி சொன்னார். படியேறிப் போனேன். தீபன் சைட்டுக்குப் போயிருந்தார். அக்கவுண்ட்ஸ் பெண் என் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். என்ன விஷயம் என்ற கட்டத்தில் 'தாமதம்' என்று எழுதினாள். அதே பக்கத்தில் எனக்கு மேலே ஆறு பேருக்கும் அதே வார்த்தைதான்.

4 அக்டோபர், புதன்

வக்கீல் எஸ்தர் கனகமணியைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். ஏழு பக்கத்தையும் அவர் படித்து முடிக்கும்வரை மேசை மேலிருந்த காந்தத்தில் ஒட்டிய ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்தை எதிராளி மீறினால் பாதிக்கப்பட்டவருக்கு வழிகள் உண்டு என்று விளக்கினார். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடு என்று வற்புறுத்தலாம். இல்லையென்றால் ஒப்பந்தம் இத்தோடு முடிந்தது என்று ரத்து செய்து, கொடுத்த முன்பணத்தையும் பட்ட நஷ்டத்தையும் திரும்பக் கேட்கலாம். முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டு, அந்தச் செலவை இவர்கள் தலையில் போடவும் வழியுண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றார்.

முடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"கையெழுத்து உங்க வீட்டம்மாவோடது சார். பாதிக்கப்பட்ட தரப்பு அவங்க. அவங்க என்ன சொல்றாங்க?"

நான் சொன்னால் அவளுக்குச் சரி என்றேன். வக்கீல் கையெழுத்துப் பக்கத்தை மறுபடி புரட்டினார். பிறகு நோட்டீஸ் தட்டச்சு செய்யச் சொன்னார். மாலையில் ஜெயக்கொடியிடம் வக்காலத்து நாமாவில் இடம் காட்டினேன். போட்டாள்.

17 அக்டோபர், செவ்வாய்

நோட்டீசுக்குப் பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அவர்களிடமிருந்து எதுவும் வந்ததில்லை. பதினான்காவது பிரிவின்படி, தளவாடங்கள் வருவதில் தடை ஏற்பட்டால் நூற்றெண்பது நாள்வரை நீட்டித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டாம். மும்முனை இணைப்பு கொடுப்பதில் வாடிக்கையாளர்தான் தாமதித்தாராம்.

இரண்டாவதை மறுபடியும் படித்தேன். என் வாழ்நாளில் நான் தாமதித்த ஒரு இணைப்பு கிடையாது.

பதினான்காவது பிரிவு ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. சின்ன எழுத்து. இன்றுதான் பார்த்தேன்.

30 அக்டோபர், திங்கள்

கோவில்பட்டியிலிருந்து வேறொரு லிஃப்ட்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். தகரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தார். குழியின் ஆழமும் ஓட்டையின் அளவும் அந்தக் கம்பெனி லிஃப்டுக்கு மட்டும்தான் பொருந்தும், தன்னுடையதை வைக்க வேண்டுமென்றால் முன்பக்கத்தை இடித்துத் தூண் எழுப்ப வேண்டும் என்றார். வக்கீல் நோட்டீஸ் போன இடத்தில் கை வைக்கவும் அவருக்குத் தயக்கம். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பல்கீஸ் முழுகாமல் இருக்கிறாளாம். டாக்டர் படியேறவே கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அவள் அம்மா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சொன்னார். சந்தோஷம் என்றேன்.

12 நவம்பர், ஞாயிறு. தீபாவளி

விடியலிலிருந்து மழை. தகரத்தைச் சுற்றி அடித்த தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. ஜெயக்கொடியின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். பழைய வேட்டிகளைச் சுருட்டி வாசலில் அணை கட்டினேன். நிற்கவில்லை. வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது பல்கீஸின் அம்மா பால்கோவா எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வீடு கிடந்த கிடப்பைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்கீஸ் ஜூலையிலேயே கேட்டாளே, அப்போதே மாற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கஷ்டம் உண்டா, இப்போது பாருங்கள் அவளால் ஒரு படிகூட ஏற முடியாது என்றார்.

ஜெயக்கொடி அவரிடம் பல்கீஸுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

பால்கோவா அப்படியே இருக்கிறது.

13 நவம்பர், திங்கள்

மழை விட்டிருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பல்கீஸ் கேட்டதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

லிஃப்ட் வந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன்.

"லிஃப்ட் உங்களுக்கு வேணும்ங்க. எனக்குக் கீழ போகணும், அம்புட்டுதான்."

உனக்காகத்தானே இத்தனை அலைகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அவள் குரல் உயரவே இல்லை. மாதக் கடைசியில் வாடிக்கையாளரிடம் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"நாய் எதுவும் வரலங்க. போன் வந்துச்சு. எடுக்காதீங்கன்னு தோள்ல தட்டினேன். நீங்க எடுத்தீங்க. ஸ்டேஷன்ல நாய்னு எழுதிக் குடுத்தீங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். லிஃப்டுக்குப் போட்டேன், வக்கீல் பேப்பருக்குப் போட்டேன். இனிமே நானே படிச்சுப் பாத்துட்டுப் போட்டுக்கிறேன்."

துடைத்த துணியைப் பிழிந்து வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். வீட்டில் பால் இருந்தது.

16 நவம்பர், வியாழன்

ஒன்றுமில்லை. அவள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே வந்தால் நிறுத்துவதில்லை. ஆனாலும் நான் வெளியே போய்விடுகிறேன்.

20 நவம்பர், திங்கள்

ஜெயக்கொடி கூப்பிட்டு வக்கீல் எஸ்தர் வீட்டுக்கே வந்தார். எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தபோது அவர்தான் நின்றார்.

ஏழு பக்கத்தையும் ஜெயக்கொடி கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்க்குள் படித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் நான்கு சந்தேகம் கேட்டாள். ஒன்று, நூற்றெண்பது நாள் கணக்கு எந்தத் தேதியிலிருந்து. வக்கீல் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கையெழுத்துத் தேதியிலிருந்துதான், டிசம்பர் 9 என்றார். அதுவரை பொறுத்து, மறுநாளே ஒப்பந்தத்தை ரத்து செய்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம் என்று முடிவு செய்தார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது, வெட்டிய தளத்தைப் பழையபடி கட்டிக் கொடுக்கக் கேட்பது, ஐந்து மாதம் வெளிச்சம் இல்லாமல் கிடந்ததற்கு இழப்பீடு கேட்பது. இதெல்லாம் ஜெயக்கொடி சொல்லச் சொல்ல வக்கீல் எழுதிக்கொண்டார்.

நான் குறுக்கே, இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, முடித்தாலும் முடித்துவிடுவார்கள் என்றேன். வக்கீலுக்குக் காபி கொடுக்கவில்லையே என்று ஜெயக்கொடி சொன்னாள். போட்டுக் கொண்டு வந்தேன்.

வக்கீல் போன பிறகு, அடுத்த மாதம் சாத்தூர் போவதாகச் சொன்னாள். தங்கை கோமதி வீடு தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி, அதற்கும் கோமதி பலகை அடித்துச் சாய்வு வைத்துவிட்டாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"போயிப் பாக்குறேன்."

28 நவம்பர், செவ்வாய்

தீபனுக்கு இன்று எட்டு முறை அழைத்தேன். ஒன்பதாவது முறை எடுத்தார். தம்பி, சட்டத்தை மட்டுமாவது நிறுத்திவிட்டுப் போங்கள், ஆள் வந்து நிற்பதை என் வீட்டில் பார்த்தால் போதும் என்று கேட்டேன். சட்டப்படி கேட்டேன் என்று எழுத ஆசைதான். கெஞ்சினேன்.

அவர் வேலையை விட்டுப் பத்து நாள் ஆகிறதாம். அவருக்கே சம்பளப் பாக்கியாம். "எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க சார்" என்றார். பாவமாக இருந்தது.

3 டிசம்பர், ஞாயிறு

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லாம் அவளிடம் ஆர்டி கட்டியவர்கள். டெய்லர் சவரிமுத்து, வெற்றிலைக் கடை பூங்கோதை, பூங்கோதையின் மருமகன், எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கும் இரண்டு பேர். எல்லோருக்கும் அவளே போன் செய்திருக்கிறாள். ஊர்ப் பெயர் சொல்லி, பிள்ளைகள் பெயர் சொல்லி விசாரித்தாள். பத்து மாதத்தில் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

எப்படித் தூக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். முன்னால் பிடிப்பவர்கள் அவள் முகத்தைப் பார்த்தபடி பின்புறமாக இறங்க வேண்டும். நாற்காலியின் கையைப் பிடிக்கக் கூடாது, அடிச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். படியை வாய்விட்டு எண்ண வேண்டும். திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்பில் புடவையால் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள் பூங்கோதை. நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். சவரிமுத்து, "நீங்க பையை எடுத்துக்கங்கண்ணே" என்றார். மருந்துப் பையையும் தண்டுவடத்துக்கு வைக்கிற மெத்தையையும் எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

பதினெட்டு. எங்கும் சாயவில்லை.

கீழே வாசலில் வெயிலில் அவளை நிறுத்தினார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். பல்கீஸ் வந்து குனிந்து கட்டிக்கொண்டாள். ஆம்னி வேனில் ஏற்றிய பிறகு நானும் ஏறப் போனேன்.

"நீங்க வேண்டாம்ங்க. கோமதி இருக்கா."

சரி என்றேன். பையைக் கொடுத்தேன். வேன் போய்விட்டது. வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

4 டிசம்பர், திங்கள்

பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிட்டேன்.

11 டிசம்பர், திங்கள்

ரத்து நோட்டீஸ் போய்விட்டது, ஆணையத்துக்கான மனுவும் தயார். வக்கீல் நேராகச் சாத்தூர் போய்க் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார். மனுவின் நகல் ஒன்றை மரியாதைக்கு எனக்கும் அனுப்பினார். ஜெயக்கொடியின் கையெழுத்து எப்போதும்போல 'ஜெ'யின் கொம்பு பெரிதாக. மனுதாரர் என்ற இடத்துக்குக் கீழே.

14 பிப்ரவரி 2024, புதன்

ஆணையத்தில் மூன்றாவது வாய்தா. கம்பெனிக்காரர்கள் வரவில்லை. மதுரை அலுவலகத்துக்கு அனுப்பிய சம்மன் 'காலி செய்துவிட்டார்' என்று திரும்பிவிட்டது, பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. சாட்சியாக என்னைப் போடவில்லை. பிரமாணப் பத்திரம் அவளுடையது, தளத்தைப் பார்த்துச் சான்று கொடுத்தவர் ஒரு இன்ஜினியர்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் அருப்புக்கோட்டை ரோட்டில் அந்த இடம்வரை போனேன். வேப்பமரமும் கிலோமீட்டர் கல்லும். அங்கே ஒன்றுமில்லை. அன்று கூப்பிட்டது துணை மின் நிலையத்திலிருந்து. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் ஏதாவது பழுது என்றால் என்னைக் கேட்பார்கள். அந்தப் பெருமையில்தான் எடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

29 ஏப்ரல், திங்கள்

வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறேன். பெரும்பாலும் கோமதிதான் எடுக்கிறாள். அக்கா தபால் ஆபீஸ் போயிருக்கிறாள், அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள் என்கிறாள். சாத்தூர் தெருக்கள் மட்டமாம், நாற்காலி நன்றாக ஓடுகிறதாம். முகவர் வேலையைச் சாத்தூருக்கு மாற்றிக்கொள்ள மனு போட்டிருக்கிறாளாம்.

பல்கீஸுக்கு ஆண் குழந்தை. சுகப்பிரசவம்.

18 ஜூன், செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வராமலே முடித்த தீர்ப்பு, முழுக்க அவள் பக்கம். கேட்டது ஏறக்குறைய எல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரமாதம் என்றேன் வக்கீலிடம். அவர் அவசரப்படவில்லை. தீர்ப்பு வாங்கியது பாதிதான், கம்பெனியும் முதலாளியும் எங்கே என்று தேடிப் பிடித்து நிறைவேற்று மனு போட வேண்டும், சொத்து எதுவும் அவர்கள் பெயரில் இல்லையென்றால் காகிதம் காகிதமாகவே இருந்துவிடவும் கூடும் என்றார். மேற்கொண்டு போவதா, இத்தோடு விடுவதா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

காகிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தபாலில் அனுப்பிவிடலாம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "சரி, நீங்களே கொண்டு போங்க" என்று கொடுத்தார்.

7 ஜூலை, ஞாயிறு

சாத்தூர் போனேன். மூன்று வாரமாகக் கிளம்பி இன்றுதான் போனேன்.

ஜெயக்கொடி வாசல் சாய்வுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்திருந்தது. வெயிலில் கறுத்த கறுப்பு. கையில் தசை வைத்திருக்கிறது. கொஞ்சம் இருங்கள் என்று எனக்குக் கைகாட்டிவிட்டு அவர்களை முடித்து அனுப்பினாள். பிறகு சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். கோமதி இலை போட்டாள்.

சாப்பிட்டு வந்ததும் காகிதங்களைக் கொடுத்தேன். வக்கீல் சொன்னதைச் சொன்னேன். நிறைவேற்று மனு போடட்டும், கிடைத்தவரை கிடைக்கட்டும் என்றாள். அதற்குள் தளத்தை அடைத்துவிட வேண்டும், மழைக்கு முன்னால் கொத்தனாரைப் பாருங்கள் என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் ஒழுங்காக வரவில்லை. நான் எடுத்த போனால்தான் என்று மட்டும் சொன்னேன். கோமதி உள்ளே இருந்தாள், கேட்டிருக்கும். கேட்கட்டும். ஜெயக்கொடி சேலை முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குத் தெரியும்ங்க என்றாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு மேற்கொண்டு பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

பல்கீஸுக்குத் திருப்பூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, போன வாரம் காலி செய்துவிட்டார்கள், கீழ் வீடு சும்மா கிடக்கிறது என்றேன். குளியலறைக் கதவை அகலப்படுத்திவிடலாம், வாசல்படியை உடைத்துச் சாய்வு போட்டுவிடலாம், இரண்டு வாரத்தில் எல்லாம் முடித்துவிடுவேன் என்றேன். சொல்லச் சொல்ல அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ் வீட்டுக்கு வெள்ளையடிச்சு வாடகைக்கு விடுங்க."

அவள் கோமதியைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். குடித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்கு எழுந்தேன். தெருமுனைவரை அவளும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பிடிக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். முனையில் இருக்கிற மருந்துக் கடையில் அவளுக்கு வேலை இருந்தது.

15 ஜூலை, திங்கள்

நேற்றோடு வெள்ளையடிப்பு முடிந்தது. இன்று காலை ஒரு தகரத்தில் கறுப்பு பெயிண்டால் எழுதினேன்: 'வீடு வாடகைக்கு. தரைத்தளம். இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு.' கடைசி வரியில் போன் நம்பர் எழுத வேண்டும். என் நம்பரை எழுத ஆரம்பித்து, முதல் இரண்டு எண்ணோடு துடைத்துவிட்டு அவளுடையதை எழுதினேன். வீடு அவளுடையது.

பார்க்க வருகிறவர்கள் அவளிடம்தான் பேசுவார்கள். சாவி என்னிடம் இருப்பதால், திறந்து காட்டச் சொல்லி அவள் எனக்குப் போன் செய்தாக வேண்டும்.

பெயிண்ட் காய்ந்ததும் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி கேட்டில் கட்டினேன்.